நிறத்தடை உடைந்தபோது கல்லாப்பெட்டி யாரிடம் போனது?

வாசல்திண்ணை எழுதியது:

இனப்பிரிவினையை மீறி விளையாட்டு வணிகத்தில் வென்றவர்களைப் பற்றிப் பேசுவதென்றால், 1947 ஏப்ரல் 15ஆம் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சன் அன்று டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய லீக் அணிகள், சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத ஓர் உடன்பாட்டின் வழியே அறுபது ஆண்டுகளாகக் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தியிருந்தன. அந்தத் தடையை உடைத்தது நீதிமன்றமும் அல்ல, நாடாளுமன்றமும் அல்ல. அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி போட்ட வணிகக் கணக்கே அதை உடைத்தது. திறமை மலிவாகக் கிடைக்கும் ஓர் இடத்தில் போட்டியாளர்கள் எவரும் கால் வைக்க மறுக்கிறார்கள் என்றால், முதலில் கால் வைப்பவனுக்கே இலாபம் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் அணியின் சொந்த அரங்கில் சுமார் 18 லட்சம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். அணி லீக் பட்டத்தையும் வென்றது. ராபின்சன் ஆண்டின் சிறந்த புதுமுகமானார். அறமும் வருமானமும் ஒரே வண்டியில் ஏறி வந்த அபூர்வமான நிகழ்வு இது என்று நான் கருதுகிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பேரேடு எழுதியது:

மறுக்கிறேன். நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒரு கதையைக் கேட்டதும் வரவு யாருக்கு, பற்று யாருக்கு என்று பார்க்கும் பழக்கம் விடவில்லை. நீங்கள் சொன்ன கதையில் வரவுப் பக்கம் மட்டுமே இருக்கிறது.

1945இல் ராபின்சன் வேலையின்றித் தெருவில் நின்றவர் அல்லர். கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற அணியில் மாதம் 400 டாலர் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். ரிக்கி அவரை எடுத்துக்கொண்டபோது மோனார்க்ஸ் அணிக்கு ஒரு சல்லிக்காசும் கொடுக்கவில்லை. அந்த அணி, கறுப்பின அணிகளுக்கென இருந்த லீக்குகளில் ஒன்றில் ஆடியது. அந்த லீக்குகள் கறுப்பினத்தவர் தங்கள் கையால் கட்டிய தொழில். அன்றைய வழக்கப்படி அவற்றை நீக்ரோ லீக் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லை இன்று எவரும் மரியாதையாகக் கருதுவதில்லை என்றாலும் வரலாற்றுப் பெயர் அதுதான்.

விளையாட்டு வணிகத்தின் வெற்றிக்கதை வேண்டுமென்றால் 1947க்குப் போகாதீர்கள்; 1920 பிப்ரவரிக்குப் போங்கள். கேன்சஸ் சிட்டியில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கறுப்பின அணி உரிமையாளர்களைக் கூட்டி, ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அவர் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர், மேலாளர், அதற்கு முன்பு பெயர்பெற்ற பந்துவீச்சாளர். அதுவரை கறுப்பின அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைத்தன. எந்த மைதானத்தில், எந்த நாளில், எவரோடு ஆடுவது என்பதை முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை இனத் தரகர்கள். வசூலில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனது. அந்தத் தரகை லீக்குக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் ஃபாஸ்டரின் திட்டம். நுழைவு வசூலில் ஐந்து விழுக்காட்டை லீக் எடுத்துக்கொண்டது. ஓர் அணி மட்டும் வலுத்தால் மற்ற ஊர்களில் கூட்டம் சேராது என்பதை உணர்ந்த அவர், தம்மிடம் இருந்த ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்ற மாபெரும் ஆட்டக்காரரையே இண்டியானாபொலிஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தார். சொந்த அணியை மெலிய விட்டு லீக்கை வளர்த்த முதலாளியை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

குயில்மொழி எழுதியது:

பேரேடு ஐயா, ஃபாஸ்டரைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலாளியின் பேரேட்டை மட்டும் புரட்டிவிட்டு ஆட்டக்காரரின் முதுகைப் பார்க்காமல் போவது சரியா? ஓர் ஊரில் ஆடி முடித்து, விடுதியில் இடம் மறுக்கப்பட்டு, பேருந்திலேயே உறங்கி, மறுநாள் இன்னோர் ஊரில் இரண்டு ஆட்டம் ஆடிய மனிதர்களின் கதை அது. பிரிவினையின் கொடுமைக்கு அணி முதலாளிகள் காரணமல்லர் என்பது உண்மை. ஆயினும் அந்தத் தொழில் நடந்த விதத்தை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை.

இதை நான் சொல்லவில்லை, ராபின்சனே சொன்னார். 1948இல் கறுப்பின வாசகர்களுக்கான எபனி இதழில் அவர் பெயரில் வந்த கட்டுரை, அந்த லீக்குகளின் குறைந்த சம்பளத்தையும் மோசமான தங்குமிடங்களையும் நடுவர்களின் தரத்தையும் வெளிப்படையாகச் சாடியது. மோனார்க்ஸ் அணியில் தமக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமே இருக்கவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. ஒப்பந்தம் இல்லாத ஒருவரை ரிக்கி திருடினார் என்று எப்படிச் சொல்வது? பல அணிகளின் முதலாளிகள் எண் சூதாட்டம், அதாவது நம் ஊர் மட்கா போன்ற ஒன்றை நடத்திச் சம்பாதித்தவர்கள் என்பதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியின் கஸ் கிரீன்லீ அந்த வகையைச் சேர்ந்தவர். ரிக்கி அந்த லீக்குகளைச் சூதாட்டக் கும்பல் என்று ஒதுக்கியதற்கு இதுவே பின்னணி.

பேரேடு எழுதியது:

அம்மா, மட்கா பணம் என்ற குற்றச்சாட்டை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறேன். அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் வங்கிக்குப் போய் அரங்கு கட்டக் கடன் கேட்டால் என்ன நடந்திருக்கும்? ஒரு சமூகத்துக்கு வங்கிக் கதவை அடைத்துவிட்டால், அங்கே கையில் ரொக்கம் வைத்திருப்பவர் சூதாட்டக்காரராகத்தான் இருப்பார். அதே பணத்தில்தான் கிரீன்லீ 1932இல் பிட்ஸ்பர்க்கில் சொந்த அரங்கு கட்டினார். 1933இல் கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. சிகாகோவின் காமிஸ்கி பார்க் அரங்கில் ஆண்டுதோறும் நடந்த அந்த ஆட்டத்துக்கு 1943இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பணத்தின் பிறப்பைப் பற்றி ரிக்கிக்குக் கூச்சம் இருந்திருந்தால், அந்தப் பணத்தில் வளர்ந்த ஆட்டக்காரரைத் தொடுவதற்கும் கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பற்றி: ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்துக்கு என்ன விலை என்று ரிக்கியை விட நன்றாக அறிந்தவர் அமெரிக்காவில் எவரும் இல்லை. சிற்றணிகளில் இளைஞர்களை வளர்த்துப் பெரிய அணிகளுக்கு விற்கும் முறையை உருவாக்கியவரே அவர்தான். விற்ற இலாபத்தில் ஒரு பங்கு அவருடைய சொந்தக் கணக்கிலும் சேர்ந்தது. அப்படிப்பட்டவர் கறுப்பின அணியின் வாசலுக்கு வந்தபோது மட்டும், இங்கே கடையே இல்லை, ஆகவே விலையும் இல்லை என்றார். அது அவருக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

இவ்விடத்தில் எஃபா மேன்லியைக் கொண்டு வராமல் முடியாது. நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் ஈகிள்ஸ் அணி அவருக்கும் கணவர் ஏப் மேன்லிக்கும் சொந்தம். கணவருக்குப் பேஸ்பால் மீது காதல், கணக்கும் ஒப்பந்தமும் பயணமும் விளம்பரமும் இவர் பொறுப்பு. கணவரின் பணமும் எண் சூதாட்டத்தில் வந்ததுதான் என்பதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1930களில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், கறுப்பினத்தவருக்கு வேலை தராத கடையில் பொருள் வாங்காதே என்ற மறியலில் முன்னின்ற பெண்மணி அவர். 1939இல் தம் அணியின் ஆட்டத்தையே கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து கொல்லும் கொடுமைக்கு எதிராக நிதி திரட்டும் நாளாக மாற்றினார். 1946இல் ஈகிள்ஸ், மோனார்க்ஸ் அணியை ஏழு ஆட்டத் தொடரில் வென்று கறுப்பின லீக்குகளின் இறுதித் தொடரான கறுப்பின உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஈகிள்ஸ் அணியின் பந்துவீச்சாளர் டான் நியூகம்பை ரிக்கி பணம் எதுவும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். 1947 ஜூலையில் பெரிய லீக்கின் கிளீவ்லேண்ட் அணி உரிமையாளர் பில் வீக், ஈகிள்ஸ் ஆட்டக்காரர் லாரி டோபியைக் கேட்டு வந்தபோதுதான் முதன்முறையாக ஒரு விலை பேசப்பட்டது: பத்தாயிரம் டாலர், டோபி அணியில் நிலைத்தால் மேலும் ஐயாயிரம். வெள்ளை இன ஆட்டக்காரராக இருந்தால் ஒரு லட்சம் டாலர் கொடுத்திருப்பீர்கள் என்று எஃபா அவரிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஆக, கொடுக்க மனமிருந்தவருக்கு ஒப்பந்தம் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாம்கரை எழுதியது:

இரு தரப்பிலும் சில செங்கற்கள் தளர்ந்திருக்கின்றன, தட்டிப் பார்க்கிறேன்.

வாசல்திண்ணை சொன்ன 18 லட்சம் சரிதான், ஆனால் அது ராபின்சனால் வந்த கூட்டம் என்ற தொனி சரியல்ல. அவர் வருவதற்கு முந்தைய 1946இலும் டாட்ஜர்ஸ் அரங்குக்கு ஏறத்தாழ அதே 18 லட்சம் பேர் வந்திருந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய மக்கள் விளையாட்டரங்குகளை நிரப்பிய காலம் அது. ராபின்சனின் ஈர்ப்பு தெரிந்த இடம் வெளியூர் அரங்குகள். பெரிய லீக்குகள் இரண்டில் டாட்ஜர்ஸ் ஆடிய நேஷனல் லீக் முழுவதற்குமான பார்வையாளர் எண்ணிக்கை 1946இல் சுமார் 89 லட்சமாக இருந்து, 1947இல் ஒரு கோடியைத் தாண்டியது. அவரை வசைபாடிய அணிகளும் அவர் வந்த நாளில் கல்லா கட்டின என்பது இதன் வேடிக்கையான பகுதி.

பேரேடு சொன்ன கறுப்பினத்தவரின் சொந்தத் தொழில் என்ற படத்திலும் ஒரு நெருடல் உண்டு. மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன் வெள்ளை இனத்தவர். நல்ல முதலாளி என்று ஆட்டக்காரர்களே பாராட்டியவர்; 1930இல் கடன் வாங்கி, லாரிகளில் ஏற்றி இறக்கக்கூடிய மின்விளக்குக் கம்பங்களைச் செய்வித்து இரவு ஆட்டங்களை நடத்தினார். பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டம் 1935இல்தான் நடந்தது. பகலில் வேலைக்குப் போகும் மக்கள் மாலையில் வர முடிந்ததால், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பல அணிகள் மூழ்கியபோதும் இந்த அணி மிதந்தது. ராபின்சனை எடுத்ததற்கு நட்டஈடு கேட்டுச் சண்டை போடாமல் விட்டவரும் அவரே. ஈகிள்ஸ் அணியோ சொந்த அரங்கு இல்லாமல், பெரிய லீக்கின் யாங்கீஸ் அணியுடைய கிளை அணி ஆடிய ரூப்பர்ட் அரங்கில் வாடகைக்கு ஆடியது. வாஷிங்டனில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பின அணி கிரிஃபித் அரங்குக்கு வாடகை கட்டியது. கறுப்பின லீக் செழித்த காலத்தில் வெள்ளை இன அணிகள் அதன் வீட்டு உரிமையாளர்களாக இருந்து இலாபம் பார்த்தன. தடை நீங்குவதை எதிர்த்தவர்களில் சிலருக்கு இந்த வாடகையும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

வாசல்திண்ணை எழுதியது:

18 லட்சம் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஆனால் என் அடிப்படை வாதம் அசையவில்லை. ஈகிள்ஸ் அரங்குக்கு 1946இல் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் வந்தார்கள். 1947இல் அது பாதிக்கும் கீழே, சுமார் 57 ஆயிரமாகச் சரிந்தது. இந்தப் பார்வையாளர்களை ரிக்கி கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. நியூவார்க்கில் இருந்த கறுப்பினக் குடும்பங்கள் தாங்களாகவே ரயிலேறிப் புரூக்ளினுக்குப் போய் ராபின்சனைப் பார்த்தன. கறுப்பினப் பத்திரிகைகளும் அப்படித்தான். பிட்ஸ்பர்க் கூரியரின் வெண்டெல் ஸ்மித் போன்றோர் இந்த நாளுக்காகப் பல ஆண்டுகள் எழுதிப் போராடினார்கள். அந்த மக்கள் தங்கள் கண்முன்னே ஒரு சுவர் இடிவதைப் பார்க்கப் போனார்கள். அவர்களைப் பார்த்து, உங்கள் சமூகத்து முதலாளிக்கு வருமானம் குறைகிறதே, பழைய அரங்குக்கே வாருங்கள் என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? சுவர் இருக்கும்வரை மட்டுமே ஓடக்கூடிய கடை, சுவர் இடியும்போது மூடப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

பேரேடு எழுதியது:

பார்வையாளர்களை நான் குறை சொல்லவே இல்லை. நானாக இருந்தாலும் அந்த ரயிலில் ஏறியிருப்பேன்.

சுவரை நம்பிய கடை என்று நீங்கள் சொல்வதில்தான் பிழை இருக்கிறது. சுவர் இடிந்தபோது கடையும் உள்ளே வர முயன்றது; கதவு திறக்கப்படவில்லை. கறுப்பின லீக்குகளின் பிரதிநிதிகள் 1946 தொடக்கத்தில் பேஸ்பால் ஆணையர் ஹேப்பி சாண்ட்லரைச் சந்தித்து, பெரிய அமைப்புக்குள் தங்களுக்கு ஓர் இடம் கேட்டார்கள். முதலில் உங்கள் வீட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. சிற்றணி லீக் என்ற நிலையையாவது கொடுத்திருந்தால், ஆட்டக்காரர்களை வளர்த்து விற்று, முறையான விலை பெற்று அவை தொடர்ந்திருக்கலாம். ஆட்டக்காரர் உள்ளே வரலாம், முதலாளி வரக் கூடாது, மேலாளர் வரக் கூடாது, நடுவர் வரக் கூடாது, கணக்கர் வரக் கூடாது என்பதுதான் நடைமுறையில் நிகழ்ந்த ஒருங்கிணைப்பு.

விளைவைப் பாருங்கள். ஃபாஸ்டரின் லீக்குக்குப் பின் அதே பெயரில் தொடங்கப்பட்ட நீக்ரோ நேஷனல் லீக், 1948 பருவம் முடிந்ததும் கலைந்தது. எஃபா தம் அணியை விற்றார். கறுப்பினத்தவரின் மற்றொரு லீக் இன்னும் சில ஆண்டுகள் தள்ளாடியது. பின்னாளில் ஹோம் ரன் சாதனையாளரான ஹாங்க் ஆரன் 1952இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின அணியிலிருந்து பத்தாயிரம் டாலருக்குப் பெரிய லீக் அணிக்குப் போனார். ஃபாஸ்டர் 1920இல் ஒரே நேரத்தில் உரிமையாளராகவும் மேலாளராகவும் லீக் தலைவராகவும் இருந்தார். பெரிய லீக்கில் முதல் கறுப்பின மேலாளரான ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975இல். கறுப்பினத்தவர் ஒருவர் பெரும்பான்மை உரிமையுடன் நடத்தும் பெரிய லீக் பேஸ்பால் அணி இன்றுவரை இல்லை. 2012இல் டாட்ஜர்ஸ் அணியையே வாங்கிய குழுவில் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் ஒரு பங்குதாரர் என்பதோடு சரி. பேரேட்டில் ஒரு பக்கம் இப்படி வெறுமையாக இருந்தால், தணிக்கையாளன் கையெழுத்துப் போட மாட்டான்.

குயில்மொழி எழுதியது:

ஐயா, 1975ஐக் குறிப்பிட்டீர்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1972இல் பெரிய லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின்போது ராபின்சனைக் கௌரவிக்க அழைத்திருந்தார்கள். நோயால் பார்வை மங்கிய நிலையில் அரங்கில் நின்று, நன்றி சொன்ன கையோடு, ஆட்டத்தை வழிநடத்துவோர் நிற்கும் மூன்றாம் பேஸ் பக்கத்தில் ஒரு கறுப்பின மேலாளரையும் பார்க்க விரும்புகிறேன் என்று கூறினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். நீங்கள் சுட்டும் வெறுமையை முதலில் சுட்டியவர் அவரே.

ஆட்டக்காரராக உள்ளே போய்ச் சம்பளம் வாங்கியதோடு அவர் நின்றுவிட்டார் என்பது போன்ற தோற்றம் உங்கள் பதிவுகளில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். 1957இல் ஓய்வு பெற்றதும் நியூயார்க்கின் ஒரு காப்பிக்கடை நிறுவனத்தில் துணைத்தலைவராகச் சேர்ந்து, கடைத் தொழிலாளர்களின் விவகாரங்களைக் கவனித்தார். 1964இல் ஹார்லெமில் ஃப்ரீடம் நேஷனல் பேங்க் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தார். வங்கிக் கதவு அடைபட்டதால் மட்கா பணத்தை நாடினார்கள் என்று நீங்களே எழுதினீர்கள் அல்லவா. அந்தக் கதவுக்குப் பதிலாக வேறொரு கதவை அமைக்க முயன்றவர் அவர். அந்த வங்கி 1990இல் மூடப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. டாட்ஜர்ஸ் சீருடை இல்லாமல் அந்த மனிதருக்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்குமா? உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன்: 1945இல் அவர் மோனார்க்ஸ் அணியிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

மூன்றாம்கரை எழுதியது:

பேரேடு பதில் எழுதும் முன் ஒரு சிறு குறிப்பு. இந்தக் கேள்வியில் ராபின்சனும் எஃபாவுமே நேரடியாக மோதிக்கொண்டார்கள். எபனி கட்டுரை வந்த சில வாரங்களில் எஃபா இன்னோர் இதழில் பதில் எழுதினார். தம்மை வளர்த்த அமைப்புக்கு நன்றி மறந்தவர் என்று ராபின்சனைக் கடிந்தார். அவ்விருவரில் எவரும் மற்றவரை ஏற்கவில்லை. எழுபத்தைந்து ஆண்டு கழித்து இந்தத் திரையில் நாம் நான்கு பேர் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம்.

பேரேடு எழுதியது:

இல்லை, அம்மா. அவர் போயிருக்கத்தான் வேண்டும். ராபின்சனின் வங்கி முயற்சியை நான் விட்டுவிட்டது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அவருடைய 1948 கட்டுரையில் சொன்ன குறைகளிலும் பெரும்பாலானவை உண்மையாகவே இருந்திருக்கும்.

என் வழக்கு அவர் மீது அல்ல, விலை கொடுக்காமல் எடுத்தவர்கள் மீது. அந்த விலை கேட்டால் கிடைத்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அணி கலைந்துகொண்டிருந்தபோது, ஈகிள்ஸ் அணியின் மான்டி இர்வினையும் ரிக்கி சும்மா எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நியூகம்ப் விஷயத்தில் வாய்மூடி இருந்த எஃபா இம்முறை வழக்கறிஞரை அமர்த்தினார். வழக்கு வரும் என்று தெரிந்ததும் ரிக்கி பின்வாங்கினார். பிறகு பெரிய லீக்கின் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இர்வினின் ஒப்பந்தத்துக்கு ஐயாயிரம் டாலர் கொடுத்தது. வழக்கறிஞருக்கும் மற்றவர்களுக்கும் போக மிஞ்சிய தம் பங்கில் எஃபா ஒரு மென்மயிர்த் தோளாடை வாங்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதை அணிந்து, இர்வினை விற்ற காசில் வாங்கியது என்று சொல்லிக் காட்டுவாராம். பெண் ஒருவருக்குப் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் முதன்முதலாக இடம் கிடைத்தது 2006இல், அவருக்கு. அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசல்திண்ணை எழுதியது:

இர்வின் விவகாரத்தில் ரிக்கி பின்வாங்கினார் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவருடைய கணக்கை நான் முதல் பதிவில் பாராட்டியது அந்த அளவுக்குக் குறைகிறது. ராபின்சனைப் பார்க்கப் போன ரயிலைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.